கூப்பன் வேண்டாம், மார்க்கெட் நிலவரத்தைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் குடும்ப இணைப்பில் வீட்டுச் சிக்கனம் பற்றி வரும் குறிப்புகளைத் தவறாமல் படிக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை நகரத்துப் பல்பொருள் அங்காடியை மனதில் வைத்து எழுதப்படுபவை. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடு வரும் கூப்பன்களை வெட்டிச் சேர்த்து மளிகையை மலிவாக வாங்கி அடுக்கும் பழக்கம் உண்டு. அதைப் பார்த்து இங்கேயும் விளம்பரத் தாள்களில் கூப்பன் அச்சிடத் தொடங்கியிருக்கிறார்கள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நீளும் இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் அந்தத் தாளால் அடுப்புப் பற்றவைக்கலாம். கூப்பன் செல்லும் கடைக்குப் போய்வரும் பஸ் செலவே தள்ளுபடியைத் தின்றுவிடும். அந்தத் தள்ளுபடியும் பெரும்பாலும் பிஸ்கட்டுக்கும் நூடுல்ஸுக்கும்தான். துவரம் பருப்புக்கு யாரும் கூப்பன் போடுவதில்லை.

ஆனால் மளிகையைச் சேர்த்து வைக்க வேண்டிய தேவை இந்தக் கரையைப் போல வேறெங்கும் இவ்வளவு துல்லியமாகத் தேதி குறித்து வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, வீட்டு வருமானமும் நிற்கும். 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. இன்னும் 45 நாள் கணக்கில் சாமான் வாங்கும் வீடுகள் கடைசி இரண்டு வாரம் கடைக்காரர் பற்று நோட்டில் போய் நிற்கின்றன. அடுத்து ஐப்பசி, கார்த்திகை வாடைக் காலம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் நாட்டுப்படகும் இறங்காது. இரண்டு இடைவெளிகளும் முன்பே தெரிந்தவை. அவற்றுக்கு வேண்டிய சரக்கு எந்த மாதம் மலிவு என்பதும் தெரிந்ததுதான். எனவே இங்கே சேமிப்பு என்பது பருவம் பார்த்து வாங்குவதும், கடற்காற்றிலிருந்து அதைக் காப்பதும்தான். இரண்டில் இரண்டாவதுதான் கடினம். பணம் வீணாவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் அளவைச் சொல்கிறோம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இட்லி மாவையும் சேர்த்து மாதம் 30 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். ரேஷனில் 20 கிலோ விலையில்லாமல் வருகிறது. மாதம் 10 கிலோ பற்றாக்குறை, தடைக்கால இரண்டு மாதத்துக்கு 20 கிலோ. ஒரு 26 கிலோ பை வாங்கினால் 6 கிலோ கையிருப்பும் மிஞ்சும். துவரம் பருப்பு மாதம் இரண்டரை கிலோ ஆகுமானால், ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் 1 கிலோ போக, இரண்டு மாதத்துக்கு 3 கிலோ வெளியில் வாங்க வேண்டும். எண்ணெய் மாதம் 3 லிட்டர் என்றால், ரேஷன் பாமாயில் (25 ரூபாய்) 1 லிட்டர் போக 4 லிட்டர். சர்க்கரைக்குத் தலைக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ ரேஷனிலேயே வரும். வெளியில் வாங்கத் தேவையில்லை. ரேஷன் பொருளை ஒரு மாதம் வாங்காமல் விட்டால் அடுத்த மாதம் பெரும்பாலும் சேர்த்துத் தரமாட்டார்கள். ஆகவே தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் பாமாயிலை விடாமல் வாங்கி, மீன்பாடு நன்றாக இருக்கும் அந்த நாட்களில் அதில் ஒரு பாக்கெட்டை ஒதுக்கி வைப்பதுதான் கைக்காசு அதிகம் போகாத சேமிப்பு.

இந்தக் கணக்கை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காலண்டர் பின்பக்கத்தில் ஒரு மாதம் முழுக்க, பாக்கெட் பிரித்த தேதியையும் தீர்ந்த தேதியையும் குறித்தாலே அந்தந்த வீட்டு அளவு வந்துவிடும். மனக்கணக்கில் எண்ணெய் எப்போதும் குறைவாகவும் அரிசி எப்போதும் அதிகமாகவும் தோன்றும்.

26 கிலோ பை ஏன் என்று பலர் கேட்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து முத்திரையிட்ட அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேற்பட்ட பைக்கு இல்லை. அதனால்தான் ஆலைகள் 26 கிலோவில் அடைக்கின்றன. 5 கிலோ, 10 கிலோ பையாக வாங்குகிறவர் அந்த வரியையும் சேர்த்துக் கொடுக்கிறார். மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் சில்லறைச் சரக்குக்கும் இந்த வரி கிடையாது.

அதே 2022-இல் இன்னொன்றும் மாறியது. பிஸ்கட், தேயிலை, எண்ணெய், சோப்பு போன்றவற்றை இன்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்றிருந்த கட்டாயம் நீங்கிவிட்டது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். இப்போது 850 கிராம், 800 கிராம், 750 கிராம் பாக்கெட்டுகள் பக்கத்திலேயே தொங்குகின்றன. பார்வைக்கு எல்லாம் ஒரே உயரம். பாக்கெட்டின் மேல் கிராமுக்கு அல்லது மில்லிக்கு இன்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதைப் பார்ப்பதற்கு முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்றும் எப்போதும் நினைக்க வேண்டாம். ஷாம்பூ பெரும்பாலும் பாட்டிலைவிடச் சாஷேயில்தான் மில்லிக்கு மலிவு. தேயிலை, காபித்தூள், மசாலாவில் பெரும்பாலும் நேர்மாறு.

இனி எந்த மாதம் எது. தை பிறந்ததும் வடக்கே கர்நாடகத்துக் கலபுரகிப் பக்கத்துப் புதுத் துவரை சந்தைக்கு வந்துவிடும்; தை, மாசியில் பருப்பு இறங்கு முகம். உளுந்தும் தை முதல் பங்குனிக்குள்தான். மாசியில் மல்லி. மாசி, பங்குனியில் புதுப்புளி. நம் மாவட்டத்து முண்டு வத்தல் (குண்டு மிளகாய் வற்றல்) பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருகிறது. அரிசி தை அறுவடையில் மலிவு; ஆனால் புது அரிசி சோறு குழையும், பருக்கை ஒட்டும். மாசியில் வாங்கிப் பை பிரிக்காமல் வைத்துச் சித்திரையில் பிரித்தால் இரண்டு மாதப் பழசு ஆகிவிடும், சோறும் உதிரியாக வரும். கருப்பட்டி சித்திரை, வைகாசியில் வாங்க வேண்டியது. ஐப்பசியில் வாங்கினால் விலையும் அதிகம், ஈரமும் அதிகம். கல் உப்பு கோடையில். உப்பு எடுக்கும் வாலிநோக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உப்பளம் மூடியிருக்கும் மழைக்காலத்தில் கூடுதல் விலைக்கு உப்பு வாங்குகிறவர்களை என்ன சொல்வது?

தை முதல் நாளிலிருந்து தடை தொடங்கும் வரை 12, 13 வாரம் கிடைக்கிறது. வாரம் 200 ரூபாய் ஒதுக்கினால் 2,400 ரூபாய்க்கு மேல். இதில் வரிசைதான் முக்கியம். முதல் மூன்று வாரத்துப் பணம் துவரைக்கும் உளுந்துக்கும். அடுத்த நான்கு வாரம் மல்லி, புளி, அரிசிப் பை. பிறகு வத்தல். எண்ணெய் கடைசி வாரத்தில்தான், ஏனென்றால் முதலில் கெடுவது அதுதான். பலர் பாடு நன்றாக விழுந்த வாரம் எண்ணெயையும் ரவையையும் மைதாவையும் வாரி வருகிறார்கள். ஜூன் வருவதற்குள் எண்ணெய் சிக்கு வாடை, ரவையில் புழு. ரவை, மைதா, கோதுமை மாவு ஆகியவற்றைச் சேர்க்கவே வேண்டாம். முழுக் கோதுமையாக வைத்து வேண்டியபோது திரித்துக்கொள்ளலாம்.

மொத்த விலையைப் படிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தில் துவரம் பருப்பு 100 கிலோ மூட்டைக்கும், எண்ணெய் 15 கிலோ டின்னுக்கும் விலை போடுகிறார்கள். பருப்பு எளிது: மூட்டை 11,000 என்றால் கிலோ 110. எண்ணெயில்தான் ஏமாறுவோம். அது கிலோக் கணக்கு, நாம் வாங்குவது லிட்டர் கணக்கு. 15 கிலோ டின்னில் ஏறத்தாழ பதினாறரை லிட்டர் இருக்கும். ஆகவே டின் விலையைப் பதினாறரையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு டின் 2,310 ரூபாய் என்றால் லிட்டர் 140. பதினைந்தால் வகுத்து 154 என்று கணக்குப் போட்டு, சில்லறையில் 150-க்குக் கிடைத்ததை மலிவு என்று மகிழ்கிறவர்கள் உண்டு. மொத்த விலைக்கும் நம் ஊர்க் கடை விலைக்கும் நடுவே லாரி வாடகை, இறக்குக் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் உண்டு, அது நியாயம். நாம் பார்க்க வேண்டியது ஏறுமுகமா இறங்குமுகமா என்பதைத்தான். மொத்த விலை இரண்டு வாரமாக இறங்கியும் ஊர்க் கடையில் இறங்கவில்லையென்றால் ஒரு வாரம் பொறுக்கலாம்.

ஐந்தாறு வீடு சேர்ந்து ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொள்வது நல்ல வழி. அது கெடுவது மூன்று இடத்தில். ஒன்று, பணம் முன்கூட்டியே வசூலாகாமல் ஒருவர் தலையில் விழுவது. சரக்கு எடுக்கப் போகும் முன் முழுப் பணமும் கையில் இருக்க வேண்டும், பாதி தருகிறேன் என்பவருக்குப் பாதிப் பங்கு. இரண்டு, மாதிரி பார்க்காமல் வாங்குவது. மூட்டையின் வாயில் நல்ல சரக்கும் அடியில் தூசியும் இருக்கும், குத்தூசி போட்டு நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பார்க்கக் கேட்க வேண்டும். மூன்று, புளியில் எடைக் கணக்கு. ஓடு நீக்கிக் கொட்டை எடுக்காத புளி 10 கிலோ வாங்கினால் அதில் மூன்றரை கிலோ கொட்டை, நார் கொஞ்சம்; கைக்கு நிற்பது 6 கிலோ. கொட்டை எடுத்த புளியின் விலையோடு ஒப்பிடும்போது கிலோ விலையை 10 மடங்காக்கி 6-ஆல் வகுத்துப் பாருங்கள். சில வருடம் கொட்டை எடுத்ததே மலிவாக நிற்கும், கைவேலையும் மிச்சம்.

வத்தலில் காய்ச்சல் பாருங்கள். கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். முண்டு வத்தலுக்கு அந்தச் சத்தம்தான் தராசு. சத்தமில்லாமல் தோல் மெத்தென்றிருந்தால் ஈரத்துக்கு விலை கொடுக்கிறீர்கள், வீட்டில் வைத்தால் பூஞ்சையும் பிடிக்கும். வெளுத்த சோடை வத்தலை மலிவென்று பொடிக்கு வாங்குவதும் வேண்டாம்; வெளுப்பு பூஞ்சையாலும் வரும், அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காம்பைக் கிள்ளாமல் வையுங்கள். காம்பு போன துளை வழியேதான் ஈரமும் பூச்சியும் உள்ளே போகின்றன. மொத்தமாக அரைத்து வைத்தால் நிறமும் காரமும் போகும். ஒரு தடவைக்கு இரண்டு மாதத்துக்கு மட்டும் அரையுங்கள்.

இப்போது காற்றுக்கு வருவோம். உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே நீரை இழுத்துக் கசியும். கரையோரத்தில் மழைக்காலத்திலும் இரவு நேரத்திலும் ஈரம் இதற்கு மேல்தான் நிற்கும். அது உப்பு ஜாடியோடு முடிவதில்லை. கடற்காற்று கொண்டுவரும் உப்புப் பொடி கதவு, டின், சாக்கு, திறந்து வைத்த பருப்பு எல்லாவற்றின் மீதும் படிகிறது. படிந்த இடத்தில் ஈரம் இழுக்கிறது. மதுரையில் ஆறு மாதம் தாங்கும் மல்லி இங்கே மூன்று மாதத்தில் பூஞ்சை வாடை அடிப்பதற்கும், தகர டின் இரண்டு வருடத்தில் ஓட்டை விழுவதற்கும் இதுதான் காரணம். சாக்கு இந்த ஊருக்கு ஆகாது. சாக்கோடு வந்த சரக்கைச் சாக்கோடு வைக்கக் கூடாது.

காயவைக்கும் முறை இது. பருப்பு, உளுந்து, மல்லி, வத்தல் ஆகியவற்றைக் காலை பத்து மணிக்கு மேல் பரப்பி, நான்கு மணிக்கு முன்னே அள்ளிவிட வேண்டும். பொழுது சாயும்வரை விட்டால் பகலில் போன ஈரம் திரும்ப ஏறும். தரையில் வேண்டாம், மணல் ஏறும். கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்துப் பரப்பி, மேலே பழைய வலைத்துண்டு ஒன்றைப் போட்டால் காக்கைத் தொல்லை இல்லை. வலையை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகு போடுங்கள். இரண்டு வெயில் போதும். அரிசிக்கு மட்டும் கடும் வெயில் கூடாது, குருணையாகும். இளவெயில் ஒரு மணி நேரம், அல்லது நிழல் காய்ச்சல்.

அள்ளியவுடன் டிரம்மில் போட்டு மூடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. சூட்டோடு மூடினால் இரவில் டிரம்மின் சுவர் குளிர்ந்து உள்ளே வேர்க்கும். நான்காம் நாள் ஓரத்தில் கட்டி, பத்தாம் நாள் பச்சைப் பூஞ்சை. காயவைத்ததே கெடுத்துவிட்டது என்று சொல்வார்கள். கெடுத்தது சூடு. வீட்டுக்குள் துணியில் பரப்பி இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, கையில் குளிர்ந்தது தெரிந்த பிறகு மூடுங்கள்.

பாத்திரத்துக்குச் செலவு செய்யத் தேவையில்லை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்றில் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் அரிசி அல்லது பருப்பு பிடிக்கும். கழுவி இரண்டு நாள் தலைகீழாகக் காயவைத்து, வாய்வரை நிரப்பித் தட்டித் தட்டி அமர்த்தி, இறுக மூடினால் உள்ளே காற்று மிகக் குறைவு. தப்பிய வண்டும் பெருகாது. மூடி இறுகியதா என்று பார்க்க, காலி பாட்டிலைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வரக் கூடாது. மண்ணெண்ணெயோ பினாயிலோ ஒரு தடவை ஊற்றிய பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்து, சாயம், ரசாயனம் வந்த பழைய நீல டிரம்மும் அப்படித்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி அரிசி கொட்டாதீர்கள். எலி உள்ள வீட்டில் பிளாஸ்டிக் தாங்காது, அங்கே மட்டும் டின். வெளிப்புறம் பெயிண்ட் அடித்து, பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. சிமென்ட் தரை ஈரம் கொடுக்கும், எதையும் நேரே வைக்காதீர்கள். பெரிய டிரம்மை வாரம் ஒரு முறைக்கு மேல் திறக்கக் கூடாது. புழக்கத்துக்குச் சின்ன டப்பா தனியாக. மழை பெய்யும்போது பெரியதைத் திறக்கவே கூடாது.

வண்டு பெரும்பாலும் ரேஷன் பையோடு வீட்டுக்குள் வருகிறது. வந்த அன்றே சொளகில் புடைத்து, பழைய சரக்கோடு கலக்காமல் தனியாக வையுங்கள். சேமிப்பு அரிசி இருக்கும் அறையிலேயே வேண்டாம். அரிசி வண்டு நம் வெக்கையில் முட்டையிலிருந்து வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம்தான் எடுக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் ஒரு தலைமுறையோடு பிடித்துவிடலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பொறி ஒன்று உண்டு. அரிசிக்குள் செருகி வைத்தால் வண்டு துளை வழியே ஏறி அடிக்குழாயில் விழும். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் வருகிற வண்டை விரட்டும். அரிசிக்குள் ஏற்கனவே இட்ட முட்டையைக் கொல்லாது. வேப்பிலையைப் பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே கெடுதல், நிழலில் சருகாக உலர்த்திப் போட வேண்டும். முழு உளுந்து, பாசிப்பயறுக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் பூசினால் பயறு வண்டின் முட்டை பொரிக்காது. சமைக்கும் முன் வெந்நீரில் அலசினால் போதும். உடைத்த பருப்பை அந்த வண்டு அவ்வளவாக நாடுவதில்லை, ஆகவே நீண்ட நாளுக்கு வைப்பது பருப்பாக இருப்பதே நல்லது.

அரிசிக்குப் போரிக் பவுடர் கலக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. வேண்டாம், கழுவினால் எல்லாம் போய்விடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதைவிடக் கொடியது, மொத்தக் கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. ‘ஒரு மாத்திரை போட்டால் வருடம் முழுக்க வண்டு வராது’ என்று யாராவது பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை விடும். மூடிய வீட்டில் தூங்குகிறவர்களைக் கொல்லும். ஈரம் மிகுந்த நம் கரையில் சொல்லவே வேண்டாம்.

ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று வீதம் வேறு நிறத்தில், கழுவும்போது மிதக்கிற மணிகள் இருக்கலாம். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்புச்சத்தும் வைட்டமினும் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி மணி, எறிய வேண்டாம்.

துவரம் பருப்பை ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். மலிவாகக் கிடைத்தது என்று வருடத்துக்கு வாங்கினால், வெக்கையிலும் ஈரத்திலும் பழசாகி, எவ்வளவு விசில் விட்டாலும் மையாக வேகாது. கரையோர போர் தண்ணீரின் கடினமும் சேர்ந்தால் இன்னும் மோசம். பருப்பில் மிச்சம் பிடித்த காசு சிலிண்டரில் போய்விடும். குடிதண்ணீரில் முந்தின இரவே ஊறவைத்து வேகவைப்பதுதான் பழைய பருப்புக்கு ஒரே வைத்தியம். சோப்புக்கும் இதே கதை: உப்புத் தண்ணீரில் நுரைக்காமல் திரிந்து வீணாகும். மழைத் தண்ணீரைப் பிடித்துத் துவைத்தால் கட்டி சோப்பு பாதிக்கு மேல் மிஞ்சும். சோப்பை வாங்கியதும் உறையைப் பிரித்து ஒரு மாதம் காற்றாட வைத்தால் இறுகும், சீக்கிரம் கரையாது. குளிக்கும் சோப்பு, பற்பசைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலை அச்சிட்ட பழைய சரக்கு இன்னும் தட்டில் இருந்தால் குறைத்த விலைக்குக் கேட்டு வாங்குங்கள்.

புளிக்குக் கொட்டை, நார் எடுத்து ஒரு வெயில் காட்டி, கல் உப்பு கொஞ்சமாகத் தூவி மண்பானையிலோ ஜாடியிலோ அமுக்குங்கள். உள்நாட்டுக்காரர்கள் போடும் அளவு உப்பு இங்கே போட்டால் மழையில் நீர் கோத்துக்கொள்ளும். தகரம், அலுமினியம் கூடாது, புளிப்பு அரிக்கும். கருப்பட்டிக்கு ஓலைக் கொட்டானும் விறகடுப்புப் புகையும்தான் சரி. அடுப்பு கேஸுக்கு மாறிய வீடுகளில் ஒவ்வொரு வட்டையும் காகிதத்தில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வைக்கலாம். மாதம் ஒரு முறை வெயில்.

கருவாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. பங்குனியில் மீன் மலிவாக இருக்கும் நாளில் போட்டால் தடைக்காலக் குழம்புக்கு அதுவே கை கொடுக்கும். காரல், நெத்திலி போன்ற கொழுப்புக் குறைந்த மீன் நாலு மாதம் நிற்கும். சூடை எண்ணெய் மீன், இரண்டு மாதத்துக்குள் சிக்கு வாடை வந்துவிடும்; முதலில் அதைத் தீர்க்க வேண்டும். பெரிய மீனைக் கீறி, மூன்று, நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. பச்சை நெத்திலி 4 கிலோ காய்ந்தால் 1 கிலோ அளவுக்கு வரும்; அந்தக் கணக்கில் பச்சை மீன் விலையைப் பெருக்கிப் பார்த்து, காய்ந்ததை வாங்குவதே மலிவு என்றால் வாங்கிவிடுங்கள். உப்புப் போட்ட கருவாடு ஆவணிக்கு மேல் கசியத் தொடங்கும். வெயில் அடித்த நாளில் காட்டிக் காகிதம் சுற்றி டின்னில் அடைக்கலாம். இளஞ்சிவப்புப் படர்ந்தால் கழுவிச் சமைக்கலாம் என்று பார்க்காதீர்கள்; எறிய வேண்டியதுதான்.

வாடைக் காலத்துக்கு வேண்டியது வேறு மாதிரியான சேமிப்பு. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் பகுதிகளில் ஒரே நாளில் கொட்டிய மழை நினைவிருக்கும். தீவுக்குச் சாலை வழி பாலம் ஒன்றுதான். புரட்டாசி முடிவதற்குள் பத்து நாள் பெட்டி ஒன்று தயாராக இருக்க வேண்டும். தீ இல்லாமல் சாப்பிடக்கூடிய அவல் 3 கிலோ, பொட்டுக்கடலை 2 கிலோ, கருப்பட்டி 1 கிலோ. இரண்டாவது சிலிண்டர் நிரம்பியதாக. தலைக்கு நாளைக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளுக்குக் குடிதண்ணீர். நான்கு பேருக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. தீப்பெட்டியை மாத்திரை டப்பாவில் சிறிது அரிசியோடு போட்டு மூடி வையுங்கள், நமத்துப்போகாது. உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி பத்து பாக்கெட், குடும்பத்தில் யாராவது தினமும் சாப்பிடும் மாத்திரை இருபது நாளுக்கு. மழை ஓய்ந்த தை மாதத்தில் அந்தப் பெட்டியைப் பிரித்துச் சாப்பிட்டுத் தீர்த்துவிட வேண்டும். அடுத்த வருடத்துக்கு என்று வைத்தால் அவல் காறும்.

எல்லாப் பாத்திரத்திலும் வாங்கிய மாதத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுங்கள்: மாசி, பங்குனி என்று. பழசு முன்னே, புதுசு பின்னே. பற்று நோட்டு வைத்திருக்கும் கடையில் இந்தச் சேமிப்புச் சரக்கை வாங்க வேண்டாம். கடனில் வாங்கினால் விலை பேச வாய் வராது. அன்றாடத்துக்கு அந்தக் கடை வேண்டும், அவரையும் பகைத்துக்கொள்ள முடியாது. சேமிப்புக்கு ரொக்கம்தான். தடைக்கால நிவாரணமாக வரும் 8,000 ரூபாயை நம்பி முன்கூட்டியே கடன் சொல்லி வாங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பணத்தைப் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு விட்டுவைப்பதே மேல்.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை வியாபாரிகள் பக்கத்தில் மூட்டைக் கணக்கிலும் டின் கணக்கிலும் போடுவதோடு நிறுத்தாமல், தை முதல் வாரத்திலிருந்து பங்குனி முடியும் வரை வாரம் ஒரு நாள் குடும்ப இணைப்பிலும் சிறு கட்டமாகப் போடுங்கள். துவரை, உளுந்து, மல்லி, புளி, வத்தல் கிலோவுக்கு என்ன, எண்ணெய் லிட்டருக்கு என்ன, போன வாரம் என்ன, போன வருடம் இதே வாரம் என்ன. ஆறு வரி போதும். புளிக்குக் கொட்டை எடுத்ததா எடுக்காததா என்று குறிப்பிட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மகளிர் சிக்கனக் குழுவினர்,
மண்டபம் – தங்கச்சிமடம் கரையோரம், ராமநாதபுரம் மாவட்டம்.